தபால்தலை சேர்ப்பதும் முத்திரை படிப்பதும்

(சித்தூர், திருப்பதி அங்கத்தினர்களின் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் காரியதரிசி என்னைக் கூப்பிட்டு, "ஸார், போன கூட்டத்திலே சர்க்கரை வியாதி, அதற்கு முந்தின கூட்டத்திலே மூட்டு வலி. இந்தத் தடவையாவது லேசான விஷயமா ஏதாவது பேசுங்கோ" என்றார். லேசான விஷயம் என்றால் என்னிடம் இருப்பது தபால்தலைதான். ஐம்பது வருஷத்துச் சேகரிப்பையும் தராசில் வைத்தால் ஒரு மூட்டை அரிசிக்குக் காணாது. ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று என் சகதர்மிணி எச்சரித்து அனுப்பியிருக்கிறாள். அதனால் காபி வரும் நேரத்தைக் காரியதரிசியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டேன்.

தபால்தலை சேர்க்கிறவர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று எண்ணுகிற ஜாதி. "என்னிடம் நூற்றிருபது தேசத்து ஸ்டாம்ப் இருக்கிறது" என்பார்கள். இன்னொன்று படிக்கிற ஜாதி. ஒரே ஒரு கவரை வைத்துக்கொண்டு அது எங்கே புறப்பட்டது, எந்த வழியாக வந்தது, ஏன் இரண்டு நாள் தாமதம் என்று பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பார்கள். நான் இரண்டாவது ஜாதி. சிறு வயதில் எல்லாரும் முதல் ஜாதியாகத்தான் ஆரம்பிக்கிறோம். வயது ஏற ஏறப் படிக்கிற புத்தி வருகிறது.

முதலில் குழந்தைகளுக்காக விசித்திரமான தபால்தலைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

2006ஆம் வருஷம் டிசம்பர் மாதம் நம் தபால் இலாகா சந்தன வாசனையோடு ஒரு 15 ரூபாய் தபால்தலை வெளியிட்டது. இந்தியாவில் வாசனை வந்த முதல் தபால்தலை அதுதான். மறு வருஷம் ரோஜா, 2008ல் மல்லிகை, 2017ல் காபி. காபி வாசனைத் தபால்தலையின் விலை 100 ரூபாய். நம்மவர்கள் அதை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "சிக்கரி கலந்திருக்கு" என்று தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாசனைத் திரவத்தைக் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குமிழ்களுக்குள் அடைத்து மேலே பூசி விடுகிறார்கள். விரலால் தேய்த்தால் சில குமிழ்கள் உடைந்து வாசனை வரும். ஆகையால் தேய்க்கத் தேய்க்கக் குறையும். என்னிடம் உள்ள சந்தனத் தபால்தலையை வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் யாரும் தொட அனுமதி கிடையாது. அதைப் பார்த்த திருப்பதி நண்பர் ஒருவர், "இது நம் சேஷாசல மலைச் செம்மரமா?" என்று கேட்டார். செம்மரத்துக்கு நிறம்தான் உண்டு, வாசனை கிடையாது. இத்தனை பேர் அதைத் திருடிக் கடத்துகிறார்களே என்பதால் வாசனையும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

துணியில் அச்சடித்த தபால்தலையும் நம்மிடம் உண்டு. 2011 பிப்ரவரியில் டெல்லியில் நடந்த இண்டிபெக்ஸ் உலகக் கண்காட்சியில் மகாத்மா காந்தியின் படத்தைக் கதர்த் துணியிலேயே அச்சிட்டு 100 ரூபாய்த் தபால்தலையாக வெளியிட்டார்கள். இதற்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. காந்திஜி மறைந்த 1948ஆம் வருஷம் ஆகஸ்டு 15ஆம் தேதி அவருக்காக வெளியிட்ட நான்கு தபால்தலைகளும் அச்சானது ஸ்விட்ஸர்லாந்தில். சுதேசியைப் போதித்தவருக்கு விதேச அச்சு! அந்த நாளில் அவ்வளவு நேர்த்தியாக அச்சிட இங்கே வசதி இல்லை என்பது காரணமாக இருக்கலாம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அறுபத்து மூன்று வருஷம் கழித்துக் கதரில் வந்தபோது அந்தக் கணக்கு நேரானது போல எனக்குத் தோன்றியது. பிறகு 2018ல் வட்டமாகவும் 2019ல் எட்டுக் கோணமாகவும் காந்தி தபால்தலைகள் வந்தன. வட்டம் நமக்குப் புதிதல்ல. ஆசியாவிலேயே முதல் தபால்தலை என்று சொல்லப்படும் 1852ஆம் வருஷத்து ஸிந்து தபால்தலை வட்ட வடிவம்தான். முதலில் வந்தது சிவப்பு அரக்கு. அரக்கு என்ன ஆகும்? தட்டினால் உடையும். அதனால் இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம்.

வெளிதேசங்களில் இன்னும் வேடிக்கை. பூட்டான் 1970களின் தொடக்கத்தில் கிராமபோன் தட்டாகவே தபால்தலை வெளியிட்டது. ரிகார்டு பிளேயரில் வைத்தால் பாடும். டோங்கா என்ற தீவு 1969ல் வாழைப்பழ வடிவத்தில் வெளியிட்டது. போர்ச்சுகல் 2007ல் தக்கையிலே அச்சிட்டது. ஆஸ்திரியா 2006ல் விண்கல்லைப் பொடி செய்து தபால்தலையில் ஒட்டி விற்றது. இவையெல்லாம் பார்க்க அழகு, பேரனிடம் காட்டினால் வாயைப் பிளப்பான். ஆனால் என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன்: கடிதத்தில் ஒட்ட முடியாத தபால்தலை கல்யாணத்துக்குப் போகாத பட்டுப்புடவை மாதிரிதான். பீரோவில் இருக்கும், அவ்வளவுதான்.

அதைவிட எனக்குப் பிடித்தது ஓரணாத் தபால்தலை ஒன்று. சுதந்திர இந்தியாவின் முதல் வரிசைத் தபால்தலைகள் 1949 ஆகஸ்டு 15ல் வந்தன. கோனாரக் குதிரை, அஜந்தா யானை, நம் நடராஜர் எல்லாம் அந்த வரிசையில் உண்டு. அதிலே ஓரணாவுக்குப் போதிஸத்வர் சிலை. படம் இடம் வலமாகத் திரும்பி அச்சாகிவிட்டது! சிலையில் நீட்டியிருப்பது வலது கை. தபால்தலையில் அது இடது கையாகிவிட்டது. 1950ல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். நம்மில் யாராவது இடது கையால் பிரசாதம் வாங்கினாலே பாட்டிமார் கண்ணால் எரித்துவிடுவார்கள். அப்படியிருக்க ஒரு தேசமே ஒரு வருஷ காலம் அந்தக் கையோடு கடிதம் எழுதியது. உங்கள் அகத்துப் பழைய கவர்களில் அந்த ஓரணாத் தபால்தலை இருந்தால் எந்தக் கை என்று பாருங்கள்.

இனி முத்திரை. என் மனசு இருப்பது இங்கேதான்.

தபால்தலையை ஒட்டினால் மட்டும் போதாது. மறுபடி உபயோகிக்க முடியாதபடி அதன்மேல் முத்திரை குத்த வேண்டும். வட்டத்துக்குள் ஊர்ப் பெயர், தேதி. பின்னாளில் பின்கோடு. இது சாதாரண முத்திரை. இதையே படத்தோடு செய்தால் சித்திர முத்திரை. நம் நாட்டில் அப்படிப்பட்ட முத்திரைக்குப் பிரசித்தமான பழைய உதாரணம் 1911 பிப்ரவரி 18. அலகாபாத்தில் கண்காட்சி நடந்த சமயம். ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் அங்கிருந்து யமுனைக்கு அக்கரையில் உள்ள நைனிக்குச் சுமார் 6,500 கடிதங்களை விமானத்தில் எடுத்துப் போனார். உலகத்தில் அதிகாரபூர்வமான முதல் விமானத் தபால் என்று அதைச் சொல்கிறார்கள். அந்தக் கடிதங்களில் குத்திய முத்திரையில் மலைகளுக்கு மேலே ஒரு விமானம் பறக்கும். கும்பமேளா நடக்கிற ஊர். விமானம் என்றால் கோவில் விமானத்தை மட்டுமே அறிந்திருந்த ஜனங்கள் அன்று அதைப் பார்த்து என்ன நினைத்தார்களோ!

ஒரு விசேஷம் நடக்கும் நாளில் மட்டும் குத்துகிற சித்திர முத்திரை ஒரு வகை. வருஷம் முழுவதும் ஒரு தபால் நிலையத்தில் கிடைக்கும் நிரந்தர சித்திர முத்திரை இன்னொரு வகை. மாமல்லபுரம், கன்னியாகுமரி, தஞ்சாவூர், மதுரை போன்ற ஊர்களில் அந்த அந்த ஊரின் கோவிலோ சின்னமோ முத்திரையில் இருக்கும். நம் திருமலையிலும் உண்டு. எல்லாவற்றிலும் சபரிமலை தனி. அந்தத் தபால் நிலையம் சீசனில்தான் திறந்திருக்கும். பின்கோடு 689713. அதன் முத்திரையில் பதினெட்டாம் படியும் ஐயப்பனும் இருப்பார்கள். சீசன் முடிந்தால் தபால் நிலையத்தைப் பூட்டி முத்திரையையும் பத்திரப்படுத்திவிடுவார்கள். மாலை போட்டுக்கொண்டு போகிறவர்கள் இருமுடியோடு நாலு தபால் கார்டையும் எடுத்துப் போனால் கனம் ஒன்றும் கூடிவிடாது.

திருமலைக்கு நாம் எத்தனை தடவை போகிறோம்! க்யூவில் நிற்கிறோம், தரிசனம் ஆகிறது, லட்டு வாங்குகிறோம், கீழே இறங்குகிறோம். அங்கே ஒரு தபால் நிலையம் இருப்பதே பலருக்குத் தெரியாது. சித்திர முத்திரை வாங்குவது எப்படி என்று கேட்டால் சொல்கிறேன். கார்டிலோ கவரிலோ உரிய தபால்தலையை வலது மேல் மூலையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். வழவழப்பான போட்டோக் காகிதம் ஆகாது. மசி காயாமல் ஈஷிக்கொள்ளும். கூட்டம் இல்லாத நேரமாகப் போய்ப் போஸ்ட் மாஸ்டரிடம் மரியாதையாகக் கேட்க வேண்டும். "நிரந்தர சித்திர முத்திரை வேண்டும், பாதி தபால்தலையிலும் பாதி கார்டிலும் விழட்டும்" என்று சொன்னால் போதும். ஒரு ஊரில் குமாஸ்தா ஒருவர் என் கார்டை வாங்கி, பெருமாள் கோவில் முத்திரையை நாலு திசையிலும் நாலு தடவை ஓங்கிக் குத்திக் கொடுத்தார். "நன்னா இருக்கட்டும்னுதான் நாலு" என்றார். அந்த அன்பை என்ன சொல்வது! அதையும் ஆல்பத்தில் வைத்திருக்கிறேன். இப்போது ஒரு சின்ன மசி ஒற்றும் தாளைச் சட்டைப் பையில் கொண்டு போகிறேன். குத்தின உடனே மேலே வைத்து அழுத்தினால் ஈஷாது.

நேரில் போக முடியாதவர்கள் தங்கள் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய கார்டை ஒரு பெரிய கவரில் வைத்து, சித்திர முத்திரை குத்தி அனுப்பும்படி போஸ்ட் மாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பலாம். எனக்கு அதுதான் அதிகப் பிரியம். கையில் வாங்கி வருவதைவிட மலையிலிருந்து இறங்கி, பையில் குலுங்கி, தபால்காரர் கையால் வாசலுக்கு வருகிற கார்டு உண்மையான கடிதம்.

இதிலே அடுத்த படி மேக்ஸிமம் கார்டு. படம், தபால்தலை, முத்திரை மூன்றும் ஒரே விஷயமாக இருக்க வேண்டும். 2002 அக்டோபரில் திருமலை ஆனந்த நிலய விமானத்துக்கு 15 ரூபாய் தபால்தலை வெளியிட்டார்கள். ஆனந்த நிலய விமானத்தின் படம் உள்ள கார்டு, அதன் படப் பக்கத்திலேயே இந்தத் தபால்தலை, அதன்மேல் திருமலை முத்திரை. மூன்றும் பொருந்தி அமைந்தால் ஜாதகப் பொருத்தம் பார்த்த மாதிரி ஒரு திருப்தி. நான் அந்த ஒரு கார்டுக்கு ஏறக்குறைய நாலு வருஷம் செலவழித்தேன். முதலில் கார்டு கிடைக்கவில்லை, பிறகு தபால்தலை கிடைக்கவில்லை. இரண்டும் கிடைத்தபோது எனக்கு முழங்கால் ஆபரேஷன். கடைசியில் என் மாட்டுப்பெண் கொண்டு போய் முத்திரை வாங்கி வந்தாள்.

நம் பக்கத்து மனிதர்கள் என்று பார்த்தால் தபால்தலைக்குக் குறைவில்லை. ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்தது 1895ல், அன்றும் இன்றும் எல்லாருக்கும் தெரிந்த மதனப்பள்ளியில். 2022 வரை அது சித்தூர் ஜில்லாதான். அவருக்கு 1987ல் 60 பைசாத் தபால்தலை. டாக்டர் ராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்து திருப்பதியில் மிஷன் பள்ளியில் படித்தவர். 1967 செப்டம்பரில், அவர் ஜீவித்திருக்கும்போதே 15 பைசாத் தபால்தலை வந்தது. அது சிலருக்கே கிடைத்த கௌரவம். அன்னமாசார்யருக்கு 2004. தரிகொண்டா வெங்கமாம்பாவுக்கு 2017. எம்.எஸ். அம்மாவுக்கு 2005. அன்னமாசார்யரையும் எம்.எஸ்.ஸையும் அடுத்தடுத்து ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறேன். காரணம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்தூர் மாம்பழத்துக்குத் தனியாகத் தபால்தலை இல்லையே என்று ஒருவர் வருத்தப்பட்டார். 1967ல் மாம்பழம் போட்ட 50 பைசாத் தபால்தலை ஒன்று உண்டு. எந்த ஊர் மாம்பழம் என்று எழுதவில்லை. தோத்தாபுரி என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். திருத்தணியில் என் தாயார் வழிப் பாட்டனார் வீடு. அந்த வீட்டுக்கு வந்த நாலு தபால்களை ஒரே பக்கத்தில் ஒட்டாமல் மூலைப் பிடிப்பு போட்டு வைத்திருக்கிறேன். முதல் கார்டு 1908. விலாசத்தில் "வட ஆற்காடு ஜில்லா". அப்போது வட ஆற்காட்டுக்குத் தலைநகரே நம் சித்தூர்தான். 1911 ஏப்ரலில் சித்தூர் ஜில்லா தனியாக உண்டானது. இரண்டாவது 1930களில் வந்த கவர். அதில் "சித்தூர் ஜில்லா". மூன்றாவது 1965. "செங்கல்பட்டு ஜில்லா". ஏனென்றால் எல்லைப் போராட்டத்துக்கும் பேச்சுவார்த்தைக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போய்விட்டது. நாலாவது 1998ல் வந்த இன்லண்டு லெட்டர். "திருவள்ளூர் மாவட்டம்". வீடு ஓர் அங்குலம் நகரவில்லை. திண்ணை, தூண், கிணறு எல்லாம் அதே இடம். ஆனால் சென்னை மாகாணம், 1953ல் ஆந்திர ராஜ்யம், 1956ல் ஆந்திரப் பிரதேசம், 1960ல் சென்னை ராஜ்யம், 1969ல் தமிழ்நாடு என்று அதன்மேல் ஆட்சிகள் மாறிக்கொண்டே போயின. வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்திய ம.பொ.சி.க்கு 2006ல் தபால்தலை வந்தது. அதையும் அதே பக்கத்தில் வைத்தேன். சித்தூரில் தங்கிவிட்ட தமிழர்களாகிய நமக்கு அந்தச் சரித்திரம் புஸ்தகத்தில் படிப்பதல்ல. அதனால் அந்தப் பக்கத்தை யாரிடமும் வேகமாகப் புரட்டிக் காட்ட மாட்டேன்.

திருப்பதிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானது. சூலூர்ப்பேட்டையும் ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டாவும் நெல்லூரிலிருந்து அதில் வந்து சேர்ந்தன. உங்கள் பேரன்மார் "சித்தூர் ஜில்லா, திருப்பதி" என்று எழுதிய கவரைப் பார்த்து, இது என்ன என்று கேட்கும் காலம் ரொம்ப தூரத்தில் இல்லை.

சித்தூர் என்ற பெயரே ஒரு சோதனை. பாலக்காட்டில் நம்மவர் அக்கிரகாரங்கள் உள்ள ஒரு சித்தூர். ராஜஸ்தானத்தில் சித்தோர்கட். மூன்றாவது நாம். என்னிடம் 1960களில் போட்ட ஒரு கவர் இருக்கிறது. பாலக்காட்டுச் சித்தூரில் உள்ள ஒரு மாமாவுக்கு எழுதியது. எழுதியவர் அவசரத்தில் ஜில்லாவைப் போடவில்லை. அது நேரே இங்கே வந்து, "மிஸ்ஸென்ட்" என்ற முத்திரை வாங்கிக்கொண்டு, பிறகு மலை தாண்டிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பின்பக்கத்தில் அஞ்சு முத்திரை. நல்ல வேளையாக உள்ளே இருந்தது முகூர்த்தப் பத்திரிகை அல்ல, க்ஷேம விசாரிப்புத்தான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1972 ஆகஸ்டு 15 முதல் பின்கோடு வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள், பல பாஷைகள், பல லிபிகள். எண் ஒன்றுதான் எல்லாருக்கும் பொது. சித்தூர் 517001, பாலக்காட்டுச் சித்தூர் 678101, சித்தோர்கட் 312001. இதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர். மத்திய சர்க்காரில் தகவல் தொடர்புத் துறை அதிகாரி. அதோடு ஸம்ஸ்கிருத மகாகவி. காவியமும் நாடகமும் எழுதியவர் கையிலிருந்து நமக்கு ஆறு இலக்க எண் வந்தது! சந்தஸ் சாஸ்திரம் படித்தவருக்குக் கணக்கு வராமல் இருக்குமா? அக்ஷரத்தை எண்ணாமல் ஸ்லோகம் செய்ய முடியாதே.

இவ்வளவு நேரம் பொழுதுபோக்காகப் பேசினேன். இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன்.

நம் அகங்களில் தபால் கம்பி என்று ஒன்று இருந்தது. கீழே கட்டையோ தகடோ, மேலே வளைந்த கம்பி. வந்த கடிதங்களைப் படித்தவுடன் அதில் குத்தி வைப்பார்கள். நிறைந்தால் கழற்றி, நூலால் கட்டிப் பரணில் போடுவார்கள். அந்தக் கட்டுகள் இன்றும் பல பரண்களில் இருக்கின்றன. வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டும்போது முதலில் பழைய பேப்பர்காரனிடம் போவது அவைதான்.

என் அத்திம்பேருக்கு 2018ல் சதாபிஷேகம் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் ஏற்பாடு செய்தார்கள். ஆயிரம் பிறை கண்டவர். நாள் பார்க்க உட்கார்ந்தபோது ஜன்ம நக்ஷத்திரத்தில் தகராறு. ஜாதகம் எப்போதோ வெள்ளத்தில் போய்விட்டது. பள்ளிக்கூட சர்டிபிகேட் தேதி ஒன்று சொல்கிறது. அந்த நாளில் வாத்தியார் வாய்க்கு வந்த தேதியை எழுதியிருப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும். மூத்த பெண் பூசம் என்கிறாள், பிள்ளை ஆயில்யம் என்கிறான். வருஷா வருஷம் ஆயுஷ்ய ஹோமம் செய்ததே தப்பான நாளிலோ என்று அக்காவுக்குக் கவலை. எண்பது வயதில் அத்திம்பேர் மட்டும், "எந்த நக்ஷத்திரமானா என்ன, நான் பிறந்தது நிச்சயம்தானே" என்று சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா சிரிக்கவில்லை. ராத்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீதான் அந்தக் காகிதமெல்லாம் பார்க்கிறவனாச்சே, பரணைக் கொஞ்சம் பாரேன்" என்றாள்.

இரண்டு நாள் தும்மிக்கொண்டே பார்த்தேன். மூன்றாவது கட்டில் கிடைத்தது. 1938ல் அத்திம்பேருடைய தாயார் வழித் தாத்தா புத்தூரிலிருந்து வாலாஜாப்பேட்டைக்குச் சம்பந்திக்கு எழுதிய தபால் கார்டு. "இன்று செவ்வாய்க்கிழமை உதயாதி பன்னிரண்டு நாழிகைக்குப் புருஷப் பிரஜை, தாயும் குழந்தையும் க்ஷேமம்" என்று இருக்கிறது. தேதி இல்லை! மனுஷர் நாழிகை வரை எழுதினார், தேதியை எழுதவில்லை. சந்தோஷத்தில் மறந்திருப்பார். சரி, முத்திரையைப் பார்க்கலாம் என்று திருப்பினால், ராஜா தலை அச்சிட்டிருந்த வலது மூலையே இல்லை. குடும்பத்தில் எந்தக் குழந்தையோ எந்தக் காலத்திலோ ஸ்டாம்ப் ஆல்பத்துக்காகக் கத்தரித்திருக்கிறது. அதோடு புத்தூர் முத்திரையும் போய்விட்டது.

அந்த நாளில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. புறப்படும் இடத்தில் ஒரு முத்திரை, போய்ச் சேரும் இடத்தில் ஒரு முத்திரை. கார்டின் இடது ஓரத்தில் வாலாஜாப்பேட்டை முத்திரை முழு நிலவு மாதிரி சுத்தமாக விழுந்திருந்தது. தேதி, மாதம், வருஷம் எல்லாம் தெளிவு. பழைய பஞ்சாங்கத்தில் பார்த்தால் அது புதன்கிழமை. அரக்கோணம் வழியாக ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். முந்தின நாள் செவ்வாய். கார்டு சொல்லும் கிழமையோடு ஒத்துப் போயிற்று. ஜோஸ்யர் நாழிகையை வைத்துக் கணக்குப் போட்டு ஆயில்யம் இரண்டாம் பாதம் என்று எழுதிக் கொடுத்தார். பிள்ளை சொன்னதுதான் சரி. பெண் அதற்கு அப்புறம் இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை என்பது வேறு விஷயம். சதாபிஷேகம் உரிய நாளில் நடந்தது. அத்திம்பேர் போன வருஷம் பகவான் திருவடி சேர்ந்தார். அந்தக் கார்டு அக்காவிடம் இருக்கிறது. அதை மட்டும் நான் கேட்கவில்லை.

அதனால் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய கவரிலிருந்து தபால்தலையைக் கத்தரிக்காதீர்கள். தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கவும் வேண்டாம். கழற்றின பழைய தபால்தலை பெரும்பாலும் சில ரூபாய்தான் பெறும். முழுக் கவராக இருந்தால் அதன் கதையும் சேர்ந்து இருக்கும். கடிதத்தையும் கவரையும் பிரிக்காமல் வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் மை ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத காகித உறை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் சுத்தமான வெள்ளைக் காகிதத்தில் மடித்து வையுங்கள். ரப்பர் பாண்டு கூடவே கூடாது. ஆறு மாதத்தில் உருகி, மேலிருக்கும் கார்டோடு ஐக்கியமாகிவிடும்.

திருமலை ஸ்வாமிக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறோம். தேவஸ்தானத்திலிருந்து பிரசாதம் தபாலில் வருகிறது. பிரசாதத்தை எடுத்துக்கொண்டு கவரைக் குப்பையில் போடுகிறோமே, அதில் தம்பதிகளின் பெயரும் திருப்பதி முத்திரையும் தேதியும் இருக்கிறது. கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைக்க அதைவிட நல்ல காகிதம் எது?

இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்லக் காரணம், முத்திரை விழுகிற கடிதமே குறைந்துகொண்டு வருகிறது. தந்தி 2013 ஜூலையோடு முடிந்தது. ரிஜிஸ்டர் தபாலை 2025ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். கவுண்டரில் கொடுத்தால் கோடு கோடாக அச்சிட்ட ஒரு சீட்டை ஒட்டுகிறார்கள். காரியம் நடக்கிறது, வேகமாகவே நடக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சீட்டின் அச்சு அஞ்சு வருஷத்தில் வெளுத்துவிடும். வாலாஜாப்பேட்டை முத்திரை எண்பது வருஷம் தாங்கியது.

குழந்தைகளுக்கு ஒரு விஷயம். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கிறவர்களுக்குத் தபால்தலை சேகரிப்புக்காகவே வருஷத்துக்கு 6,000 ரூபாய் உபகாரச் சம்பளம் தருவதாகத் தபால் இலாகா 2017ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. தீன் தயாள் ஸ்பர்ஷ் யோஜனா என்று பெயர். பரீட்சையும் உண்டு, ஒரு சிறு ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுத வேண்டும். பள்ளியில் தபால்தலைச் சங்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய தபால் நிலையத்தில் சேகரிப்பாளர் கணக்கு ஒன்று வைத்திருக்க வேண்டும். 200 ரூபாய் கட்டினால் அந்தக் கணக்கைத் திறக்கலாம். அப்புறம் புதுத் தபால்தலைகள் வீடு தேடி வரும். இவ்வருஷ விவரத்தைத் தபால் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் சேகரிப்பு என்ன ஆகும் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு வயது எழுபத்தாறு. பிள்ளை அமெரிக்காவில். அவனுக்கு இதில் ருசி இல்லை, அதைக் குற்றமாக நான் நினைக்கவில்லை. விலைக்குக் கேட்டு ஒரு வியாபாரி வந்தார். காந்தியையும் போதிஸத்வரையும் எடுத்துக்கொள்கிறேன், இந்தப் பழைய கார்டுகள் வேண்டாம் என்றார். திருத்தணிப் பக்கத்தையும் சேர்த்துத்தான் வேண்டாம் என்றார். அனுப்பிவிட்டேன். இப்போது ஆல்பம் ஆல்பமாக, ஒவ்வொரு கவரின் பின்னால் வைக்கும் சீட்டிலும் யார் எழுதினது, யாருக்கு, என்ன உறவு என்று எழுதிக்கொண்டு வருகிறேன். பதினொன்றில் ஆறு முடிந்திருக்கிறது. பென்சிலில்தான் எழுதுகிறேன். மீதி ஐந்துக்குக் கை கொடுக்க, தமிழ் எழுதத் தெரிந்த இரண்டு பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தால் தேவலை. டிபன் என் பொறுப்பு. முடிந்ததும் முழுச் சேகரிப்பும் நம் சங்கத்துக்கு. பூச்சி வராத ஒரு பீரோவும் சாவியைப் பொறுப்பாக வைத்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தால் போதும் என்று நிர்வாகக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பக்கத்து ஹாலில் நீள மேஜையில் மூன்று ஆல்பங்கள் வைத்திருக்கிறேன். சந்தனத் தபால்தலையும் இருக்கிறது. இன்றைக்கு மட்டும் குழந்தைகள் தேய்த்துப் பார்க்கலாம். பெரியவர்கள் காபி டம்ளரை இந்த ஹாலிலேயே வைத்துவிட்டு வரும்படி பிரார்த்திக்கிறேன். அகத்துப் பரணிலிருந்து ஏதாவது கொண்டு வந்திருப்பவர்கள் முதலில் வாருங்கள்.